துறைத் தலைவர் மூப்பிலா சுழற்சியிலா, மதிப்பீடு எந்த அட்டவணையில்? இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

கல்லூரி தன்னாட்சி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுக்கும் உரிமை) வாங்கிய கையோடு, அல்லது கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்று தெரிந்த உடனே, ஒவ்வொரு துறையிலும் 'நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ரூல்ஸ் எழுதணும்' என்ற பேச்சு தொடங்கிவிடும். யார் துறைத் தலைவர், எத்தனை ஆண்டுக்கு என்பது ஒரு கேள்வி. ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டை எந்த அளவுகோலால் போடுவது என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான துறைகள் முதல் கேள்வியை ஸ்டாஃப் கவுன்சிலில் பேசி முடிக்கின்றன, இரண்டாவதை ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் தலையில் கட்டிவிடுகின்றன. அங்கேதான் தவறு. மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதைப் பொறுத்தே எந்த அளவுகோல் தாங்கும், எது உடையும் என்பது தெரியவரும்.

வட சென்னையில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே விடை கிடையாது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் தலைமை மூப்புப்படிதான் போகிறது. இடமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் வந்து சேர்ந்தாலே வரிசை மாறிவிடும், துறை தீர்மானம் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், சுயநிதிக் கல்லூரிகளிலும்தான் தேர்வுக்கு இடம் இருக்கிறது. தலைமை பற்றிய ஒப்பீடு அவர்களுக்கு. மதிப்பீடு பற்றியது எல்லோருக்கும்.

மேலே என்ன மாறியது

2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. ஏ.பி.ஐ. (கல்விச் செயல்திறன் குறியீடு) என்ற பெயரைச் சொன்னாலே மூத்த ஆசிரியர்களுக்கு அந்தப் படிவம் கண்முன் வரும்: கற்பித்தலுக்கு 125-இல் குறைந்தது 75, பாடம் சாராத பணிகளுக்கு 50-இல் 15, ஆய்வுக்குத் தனிக் கணக்கு. 2013-இலும் 2016-இலும் அதைத் திருத்தினார்கள். 2018 ஜூலை 18 அன்று வந்த விதிமுறைகள், ஆண்டு மதிப்பீட்டில் புள்ளிகளை எடுத்துவிட்டு 'நன்று', 'திருப்தி', 'திருப்தி இல்லை' என்று மூன்று தரங்களை வைத்தன. 2025 ஜனவரி 6 அன்று வெளியான வரைவு வேறு திசையில் போனது. ஒன்பது 'குறிப்பிடத்தக்க பங்களிப்பு'களைப் பட்டியலிட்டு, நான்கிலாவது ஆசிரியர் தடம் பதித்திருக்க வேண்டும் என்றது. மூன்று நாளில், ஜனவரி 9 அன்று, தமிழகச் சட்டப்பேரவை அந்த வரைவைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது.

விதி எழுதுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டெல்லியில் அறிவிக்கை வந்துவிட்டால் மறுநாளே நம் கல்லூரிக்கு அது பொருந்தாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு ஏற்காதவரை 2010 விதிமுறைகள் மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றது. பிற்காலத் தீர்ப்புகள் சில வேறு பக்கம் சாய்ந்திருக்கின்றன. அந்த விவாதம் நீதிமன்றத்தில் நடக்கட்டும். நடைமுறையில், உதவி பெறும் கல்லூரி ஆசிரியரின் பணி மேம்பாட்டுக் கோப்பு, அதாவது பதவி உயர்வுக் கோப்பு, கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மேசையில் கேட்பது அரசாணையைத்தான். 2018 விதிமுறைகளைத் தமிழக அரசு அரசாணை போட்டு ஏற்றது 2021-இல். இடைப்பட்ட காலத்தில் அவசரப்பட்டு மாற்றிய துறைகளில் பழைய படிவம் சில ஆண்டுகளுக்கும் புதிய படிவம் சில ஆண்டுகளுக்குமாகக் கோப்புகள் இரண்டுங்கெட்டானாக நின்றன.

தலைமைக்கு மூன்று வழிகள்

மூப்பு, சுழற்சி, முதல்வர் அல்லது செயலர் நியமிப்பது ஆகியவையே அந்த மூன்று. கடைசியை அதிகம் பேச வேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு வசதி, துறைக்குத் தொல்லை. நியமித்தவர் மாறும் நாளில் தலைவரும் மாறுவார். புதுத் துறை தொடங்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் அது சரிப்படும்.

மூப்பு முறையின் பலம், யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பது. அடுத்த பத்தாண்டுக்கு யார் தலைவர் என்பது இன்றே தெரியும். ஆனால் 'மூப்பு' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டால் போதாது. பணியில் சேர்ந்த நாளா, பல்கலைக்கழகம் தகுதி ஒப்புதல் கொடுத்த நாளா, இணைப் பேராசிரியர் ஆன நாளா? பின்னால் சேர்ந்தவர் முனைவர் பட்டம் முடித்து முன்னாலேயே பதவி உயர்வு பெற்றுவிட்டால் யார் மூத்தவர்? எழுத வேண்டிய வாசகம்: முதலில் பதவி நிலை, அதே நிலையில் இருப்பவர்களுக்குள் அந்த நிலையை அடைந்த நாள், அதுவும் ஒன்றாக இருந்தால் கல்லூரியில் சேர்ந்த நாள். ஒவ்வொரு ஜூனிலும் வரிசைப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டு அனைவரிடமும் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். சண்டை வந்தபிறகு தயாரித்த பட்டியலை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மூப்பின் பலவீனம் கால அளவு. நாற்பது வயதில் தலைவரானவர் ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியில் இருப்பார். டைம்டேபிளில் முதல் மணி, கடைசி மணி யாருக்கு, முதுகலைத் தாள் யாருக்கு, ஆய்வகத்துக்கு என்ன வாங்குவது எல்லாம் ஒரே கையில். நல்லவராக இருந்தால் துறை வளரும். இல்லையென்றால் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சுழற்சிக்கு முன்மாதிரி இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத் துறைகளில் மூப்பு வரிசையை ஒட்டி மூன்று ஆண்டுச் சுழற்சி நீண்ட காலமாக இருக்கிறது. மூன்று ஆண்டு என்ற அளவு நமக்கும் பொருந்தும். இளங்கலைத் தொகுதி ஒன்று சேர்ந்து வெளியேறும் காலம் அது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழுவின் நியமன உறுப்பினர்களுக்கும் மூன்று ஆண்டுதான். இரண்டு ஆண்டு வைத்தால், புதிய தலைவர் பொறுப்பைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார்.

சுழற்சி கெட்டுப்போகும் இடங்கள் பழகியவர்களுக்குத் தெரியும். பருவத்தின் நடுவில் மாற்றினால் அகமதிப்பெண் பதிவேற்றத்தில் குழப்பம் வரும், எனவே மாற்றும் நாள் ஜூன் மாதத்தில் ஒரே தேதியாக இருக்கட்டும். முறை வரும்போது ஒருவர் வேண்டாம் என்றால் எழுத்தில் வாங்கிவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். மறுத்தவரின் முறை ஒருமுறை தள்ளிப்போகிறது, அழிவதில்லை என்றும் எழுதுங்கள். கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்து, ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடர்பவர் தலைவராக நீடிக்கலாமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். என் கருத்து: கூடாது. வகுப்பு எடுக்கட்டும், கையெழுத்து அடுத்தவருடையதாக இருக்கட்டும்.

பொறுப்பு ஒப்படைப்புதான் சுழற்சியின் உண்மையான சோதனை. வேதியியல் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். நுகர்பொருள், நுகராப் பொருள் என்று இரண்டு ஸ்டாக் ரெஜிஸ்டர். பாட்டில்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டால் ஆகாது. சில்வர் நைட்ரேட் பாட்டிலை எடை போட்டு கிராமில் எழுத வேண்டும். பழைய கல்லூரியாக இருந்தால் பிளாட்டினம் மூசை ஒன்று பீரோவில் இருக்கும், அதையும் தராசில் வைக்க வேண்டும். ரெக்டிஃபைடு ஸ்பிரிட் கணக்கு உரிமத்தோடு சேர்ந்தது, லிட்டர் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் துறைத் தலைவர் மட்டுமல்ல, முதல்வரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவற்றோடு துறை நூலகப் பதிவேடு, பாடத்திட்டக் குழு மினிட்ஸ், அகமதிப்பெண் கோப்பு, முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வுக்குழு அறிக்கைகள், துறை மின்னஞ்சலின் கடவுச்சொல். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் போலத் தெரியும், ஆனால் பல துறைகளில் அந்த மின்னஞ்சல் பழைய தலைவரின் சொந்த கைப்பேசி எண்ணோடு கட்டுண்டு கிடக்கும். பட்டியலை மூன்று படியாக எடுத்து, கொடுப்பவர், பெறுபவர், முதல்வர் மூவரும் கையெழுத்திட்டால்தான் ஒப்படைப்பு முடிந்தது.

எத்தனை பேர் இருக்கும் துறைக்குச் சுழற்சி பொருந்தும்? நிரந்தர ஆசிரியர் நான்கு பேருக்குக் குறைவு என்றால் வேண்டாம். வட சென்னையின் பல உதவி பெறும் துறைகளில் எய்டட் பதவிகள் காலியாகவே கிடக்க, இரண்டு பேர் மட்டும் மிச்சம் இருப்பார்கள். இரண்டு பேருக்குள் சுழற்சி என்பது நாற்காலி விளையாட்டு. அங்கே மூப்பையே வைத்துக்கொண்டு, தலைவரின் தனி அதிகாரத்தைக் குறைப்பதுதான் வழி. டைம்டேபிள், தாள் ஒதுக்கீடு, கொள்முதல் ஆகிய மூன்றும் துறைக் கூட்டத் தீர்மானம் இல்லாமல் செல்லாது என்று ஒரு வரி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாலை ஷிப்ட் சுயநிதிப் பிரிவுக்குத் தனிப் பொறுப்பாளர் இருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

பாடத்திட்டக் குழுவில் யார்

தன்னாட்சி வந்தபிறகு துறைத் தலைவர் பதவியின் கனம் கூடிவிடுகிறது. அவரே பாடத்திட்டக் குழுவின் தலைவர். துறை ஆசிரியர்கள், கல்விக் குழு நியமிக்கும் வெளி வல்லுநர் இருவர், கல்லூரி முதல்வர் அனுப்பும் ஆறு பெயர் பட்டியலில் இருந்து துணைவேந்தர் தேர்ந்தெடுக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் என்பது அமைப்பு. இணைவுக் கல்லூரியாக இருந்தவரை பாடத்திட்டம் சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது, துறையின் வேலை அதை நடத்தி முடிப்பது. இப்போது தாளை உருவாக்குவதும், வினாத்தாள் அமைப்பைத் தீர்மானிப்பதும் இந்தக் குழு.

தொழில்துறை இருக்கையைப் பெயருக்கு நிரப்பாதீர்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை வட்டாரத்தில் இருந்து ஒரு தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர், வணிகவியலுக்கு ராஜாஜி சாலைப் பக்கம் சரக்கு அனுப்புகை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர், இயற்பியலுக்குப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பொறியாளர் என்று பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். ஆள் கிடைக்காமல் போவதில்லை. கூட்டத் தேதியைப் பத்து நாள் முன்னால் மட்டும் சொல்வதால்தான் அவர்கள் வருவதில்லை. ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களை என்ன செய்வது? பாதி வகுப்பை அவர்கள் எடுக்கும் துறையில், பாடத்திட்டம் பேசும் நாளில் மட்டும் அவர்களை வெளியே நிறுத்துவது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. வாக்குரிமை பற்றி விவாதம் வந்தால் வாக்கில்லாத சிறப்பு அழைப்பாளராக உட்கார வைத்து, அவர்கள் சொன்னதை மினிட்ஸில் பதியலாம்.

மதிப்பீடு: மூன்று அட்டவணைகள்

முதல் வழி, 2018 அட்டவணையை அப்படியே எடுப்பது. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70 முதல் 80-க்குள் 'திருப்தி', 70-க்குக் கீழே 'திருப்தி இல்லை'. பொறுப்பு, தேர்வுப் பணி, மாணவர் நலப் பணி, கருத்தரங்கு, ஆய்வு வழிகாட்டல், ஆய்வுத் திட்டம், கட்டுரை ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் 'நன்று', ஒன்றோ இரண்டோ என்றால் 'திருப்தி'. எளிய கணக்கு. பேறுகால விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்புக் காலங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் விதியிலேயே இருக்கிறது.

ஆனால் 'ஒதுக்கிய வகுப்புகள்' என்ற வகுக்கும் எண்ணை யார் எப்படிப் போடுவது என்பதைத் துறைதான் எழுத வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம். ஆறு வேலை நாளுக்கு ஒருமுறை டைம்டேபிள் சுழலும் டே ஆர்டரில் 90 வேலை நாள் ஒரு பருவம் என்றால் 15 சுற்று, 240 வகுப்பு. டிசம்பர் மழையில் ஆறு நாள் விடுமுறை விட்டு, அதை ஈடுசெய்ய நாள் கிடைக்கவில்லை என்று வையுங்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியும் எண்ணூரும் தண்ணீரில் கிடந்ததை நினைத்தால் இது கற்பனை அல்ல. ஒரு சுற்று, அதாவது 16 வகுப்பு போயிற்று. அதே ஆசிரியர் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்கு ஏழு நாள் போனார், 19 வகுப்பு. விடைத்தாள் திருத்தும் வேல்யூவேஷன் கேம்ப் ஆறு நாள், இன்னொரு 16. மொத்தம் 51 போக 189. அதை 240-ஆல் வகுத்தால் 78.75 சதவீதம், 'திருப்தி'. மழை விடுமுறையைக் கழித்து 224-ஆல் வகுத்தால் 84.4 சதவீதம், 'நன்று'. முகாமும் விடைத்தாள் திருத்தும் பணியும் கல்லூரி அனுப்பியவை என்பதால் அவற்றையும் கழித்தால் 189-க்கு 189. ஒரே உழைப்புக்கு மூன்று விடை. மதிப்பீடு ஆண்டுக்கு ஒன்று என்பதால் அடுத்த பருவம் ஈடுகட்டலாம். ஆனால் அந்தப் பருவத்தில் தேர்தல் பணி வந்தால் அதுவும் போச்சு.

துறை எழுத வேண்டியது: ஆட்சியர் அறிவித்த விடுமுறையைக் கழிக்க வேண்டும், முதல்வரின் எழுத்து உத்தரவோடு போன பணியைக் கழிக்கலாம், உத்தரவின் நகல் கோப்பில் இருந்தால் மட்டும், தற்செயல் விடுப்பைக் கழிக்கக் கூடாது, பதிலுக்கு இன்னொருவர் எடுத்த வகுப்பு எடுத்தவர் கணக்கில் போகும். இந்த நான்கையும் மார்ச்சில் படிவம் நிரப்பும்போது பேசினால் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். ஜூனில் பேசுங்கள்.

இரண்டாம் வழி, துறை தனக்கென்று ஒரு புள்ளிப் பட்டியல் தயாரிப்பது. 'எல்லோருக்கும் நன்று என்றால் உழைத்தவனுக்கு என்ன மரியாதை' என்ற நியாயமான ஆதங்கத்தில் இது பிறக்கிறது. ஆனாலும் வேண்டாம். புள்ளி வந்த இடத்தில் புள்ளிக்காக வேலை நடக்கும். ஏ.பி.ஐ. காலத்தில் காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் பெருகியதை எல்லோரும் பார்த்தோம். இணை இயக்குநர் அலுவலகத்தில் உள்ளூர் புள்ளிப் பட்டியலுக்கு மதிப்பும் இல்லை. இருவேறு தாள்களில் இருவேறு தரம் இருந்தால், குறைவாக இருப்பதைக் காட்டித்தான் தணிக்கை கேள்வி கேட்கும்.

மூன்றாம் வழி, 2025 வரைவின் ஒன்பது தலைப்புகளை இப்போதே பிடித்துக்கொள்வது. சில தலைப்புகள் நம் பகுதிக்கு இயல்பாக வரும். தமிழ்வழி வகுப்பு அதிகம் இருப்பதால் இந்திய மொழிகளில் கற்பித்தல், மணலி, எண்ணூர் ஆலைகளில் மாணவர்களுக்குப் பயிற்சி, காசிமேடு மீனவக் குடியிருப்புகளில் சமூகப் பணி. ஸ்டார்ட்அப், ஆலோசனை வருவாய், நிதி பெற்ற ஆய்வுத் திட்டம் ஆகியவையோ ஆய்வக வசதி இல்லாத உதவி பெறும் துறைக்கு எட்டாக் கனி. வரைவை வைத்து விதி எழுதக் கூடாது. சான்றுகளைச் சேர்த்து வைக்கலாம். ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரு கோப்புறை, பயிற்சிக் கடிதம், வருகைப் பதிவு, படம், பயனாளர் கடிதம். இறுதி விதி எந்த வடிவில் வந்தாலும், அரசாணை அதை எப்படி ஏற்றாலும் அந்தக் காகிதங்கள் வீணாகாது.

ஆய்வுக் கணக்கு தனி

பேராசிரியர் நிலைக்குப் போகும்போது மட்டும் 2018 விதியிலும் புள்ளி உண்டு: முனைவர் பட்டம், பத்து வெளியீடு, அதில் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள், ஆய்வுப் புள்ளி 110. மொழித் துறைக்குக் கட்டுரைக்கு 10, அறிவியலுக்கு 8. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது தமிழ்த் துறையில் ஏழு ஏழு. மூவர் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்கு மூன்று மூன்று. எனவே மாணவர், நண்பர் என்று ஐந்து பெயர் போட்டுக் கட்டுரை அனுப்பும் பழக்கம் கணக்கில் நஷ்டம்.

சிக்கல் இதழ்ப் பட்டியலில். மானியக் குழு, ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. எந்த இதழ் நல்லது என்று பார்க்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. துறை ஓர் இதழ்க் குழு வைக்கலாம்: மூன்று பேர், அதில் ஒருவர் வெளித்துறை. ஐ.எஸ்.எஸ்.என். எண், பதிப்புக் குழு முகவரி, மதிப்பாய்வுக் கடிதம், வெளியீட்டுக் கட்டண விவரம் ஆகிய நான்கையும் கட்டுரை அனுப்பும் முன்பே பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். வெளியான பிறகு மறுத்தால் ஆசிரியருக்கு ஆண்டு போய்விடும். பட்டியல் இருந்த காலத்தில் வெளியான கட்டுரையை, அந்த நாளில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டோடு கோப்பில் வையுங்கள்.

எதை எதோடு சேர்ப்பது

சுழற்சியும் உள்ளூர் புள்ளிப் பட்டியலும் சேர்ந்தால் மிக மோசம். இன்று நான் உங்களுக்குப் புள்ளி போடுவேன், மூன்று ஆண்டு கழித்து நீங்கள் எனக்குப் போடுவீர்கள். கொடுக்கல் வாங்கலாகிவிடும். மூப்பும் புள்ளிப் பட்டியலும் சேர்ந்தால் தலைவரை மதிப்பிட ஆளே இருக்காது, இளையவர்கள் மட்டும் எடை போடப்படுவார்கள். சுழற்சியும் 2018 அட்டவணையும் சேர்ந்தால் தாங்கும். வகுப்பு எண்ணிக்கையை வருகைப் பதிவேடு சொல்கிறது, பணி எண்ணிக்கையை உத்தரவு நகல் சொல்கிறது, தலைவரின் கையெழுத்து சரிபார்ப்பு மட்டுமே. நான்கு பேரோ அதற்கு மேலோ இருக்கும் துறைக்கு இதையே பரிந்துரைப்பேன். சிறிய துறைக்கு மூப்பும் அதே அட்டவணையும், கூடவே தலைவரின் தாளை வேறு துறைத் தலைவர் ஒருவர் சரிபார்க்கும் ஏற்பாடும்.

மாணவர் கருத்துப் படிவத்தைத் தரத்தோடு இணைக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். காலை மீன்பிடித் துறைமுகத்திலும் மாலை கடையிலும் வேலை பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் நிறைந்த வகுப்பில், 75 சதவீத வருகையைக் கண்டிப்பாகக் கேட்கும் ஆசிரியருக்கு விழும் மதிப்பெண் அவர் பாடம் நடத்தும் லட்சணத்தைச் சொல்லாது.

தீர்மானத்தின் வரிசை இது: துறைக் கூட்டத்தில் வரைவை வைத்து இரண்டு வாரம் எழுத்துக் கருத்து வாங்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும், பிறகு முதல்வர், கல்விக் குழு, ஆட்சிக் குழு. தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இன்படி அமைந்த கல்லூரிக் குழு இருக்கும் இடத்தில் அதன் பதிவும் வேண்டும். மேலே இருந்து வந்த எண்களை, 80, 70, 110, 16 என்பவற்றை, விதியின் உடலில் எழுதாதீர்கள். 'நடப்பில் உள்ள அரசாணைப்படி' என்று குறித்து, எண்களைப் பின்னிணைப்பில் வையுங்கள். அறிவிக்கை மாறும்போது பின்னிணைப்பை மட்டும் மாற்றினால் போதும், முழு விதியையும் மறுபடி நான்கு குழுவுக்குச் சுமக்க வேண்டாம். அமலுக்கு வரும் நாள் அடுத்த கல்வியாண்டின் தொடக்கமாக இருக்கட்டும். பாதி மதிப்பீட்டுக் காலத்தில் இருப்பவருக்குப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும். 2018 விதிமுறைகளே மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்துத்தான் மாறின.